எட்டுக் கணினிக்கு ஒரே வாசல்: படிப்பகத்தில் டைனிபிராக்ஸி

மாலை ஏழே காலுக்கெல்லாம் எங்கள் படிப்பகத்தில் இணையம் படுத்துவிடும். அடியோடு நிற்பதில்லை. ஒரு நாளைக்கு 2 ஜிபி என்று சிம் கார்டுக்கு உள்ள அளவு தீர்ந்ததும் வேகம் குறைந்துவிடும்; ஒரு பக்கம் திறப்பதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஐந்தரைக்குத் திறந்து எட்டரைக்குப் பூட்டும் இடம் அது. பள்ளிவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, முகம் கழுவிக்கொண்டு பிள்ளைகள் வந்து சேரவே ஏழு மணி ஆகிவிடும். அவர்கள் உட்காரும் நேரத்துக்குச் சரியாக டேட்டா தீர்ந்திருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் இது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட எட்டுக் கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இணையத்துக்கு ஒரு 4ஜி வைஃபை ரௌட்டர். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எட்டரை வரைக்கும் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா, தம்பி?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். கல்லூரி நாட்களின் நினைவு தந்த தைரியம் அது. எங்கள் ஆய்வகத்தில் அறுபது கணினிகளுக்கு ஒரே மெலிந்த இணைப்பு. நடுவில் ஸ்குவிட் என்ற பிராக்ஸி, அதாவது மற்றக் கணினிகளுக்காக இணையத்திடம் கேட்டு வாங்கித் தரும் இடையாள் நிரல், 3128 என்ற போர்ட்டில் (கணினியில் ஒரு நிரல் காத்திருக்கும் வாசல் எண்) உட்கார்ந்திருக்கும். தேர்வு முடிவு வரும் நாளில் முதல் ஆள் பக்கத்தைத் திறக்கத் தவம் கிடப்பான்; அடுத்த ஐம்பத்தொன்பது பேருக்கும் அதே படங்களும் எழுத்துகளும் பிராக்ஸியின் வட்டிலிருந்து நொடியில் வந்து விழும். ஒரு முறை இறக்கிப் பலருக்குப் பங்கு போடும் அந்த வித்தையை இங்கேயும் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3பி என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை எடுத்தேன்; இனி அதைப் பை என்றே சொல்கிறேன். ஒரு ஜிபி நினைவகம், கம்பி வழி இணைப்புக்கு ஒரு துளை, உள்ளேயே வைஃபை. ஸ்குவிட் நிறுவி, பென் டிரைவ் ஒன்றைச் சேமிப்புக்கு ஒதுக்கி, மூன்று நாள் ஓடவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஒரே சொல்: டனல், டனல், டனல். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அப்படியே கடத்திவிட்டேன் என்று பொருள். சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக ஒரு நாளைக்குப் பத்து வரிகூட இல்லை.

யோசித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது இது. ஸ்குவிட் பிறந்த 1996-ல் இணையப் பக்கங்கள் போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் இருப்பவர் படிக்கலாம், நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். இன்று ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ், ஒட்டிய உறை. 2015-ன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, உறைக்குத் தேவையான, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை இலவசமாகத் தரத் தொடங்கியதிலிருந்து சின்னஞ்சிறு தளங்களும் உறைக்குள் போய்விட்டன. பிரவுசர் பிராக்ஸியிடம் "இந்தப் பெயருள்ள தளத்தின் 443-ஆம் போர்ட்டுக்கு வழி விடு" என்று மட்டும் கேட்கும். அந்தக் கட்டளைக்குக் கனெக்ட் என்று பெயர். வழி விட்ட பிறகு உள்ளே போவதும் வருவதும் பிராக்ஸிக்குப் புரியாத எண்களின் ஓட்டம். ஒரே படத்தை எட்டுக் கணினிகள் கேட்டாலும் எட்டும் வெவ்வேறு சாவியால் பூட்டப்பட்டு வரும். எதைச் சேமித்து யாருக்குக் கொடுப்பது?

உறையைப் பிரித்துப் படிக்கும் வசதியும் ஸ்குவிட்டில் உண்டு. நாமே ஒரு போலிச் சான்றிதழ் ஆணையத்தை உருவாக்கி, எட்டுக் கணினிகளையும் அதை நம்பச் செய்து, ஒவ்வொரு தளத்தின் பெயரிலும் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பிள்ளைகளின் மின்னஞ்சல், அவர்களுடைய அம்மாக்களின் வங்கிக் கணக்கு எல்லாம் அந்த மேசைகளில்தான் திறக்கப்படுகின்றன. 2 ஜிபியைக் காப்பாற்றுவதற்காக ஊரார் கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, சேமிப்புக் கிடங்கு கனவு போயிற்று. மிஞ்சியது வாசல் காவல். எந்தப் பெயருக்கு வழி விடலாம், எதற்குக் கூடாது என்று பிராக்ஸியால் இன்னமும் தீர்மானிக்க முடியும். அதற்கு ஸ்குவிட் தேவையில்லை. டைனிபிராக்ஸி போதும்.

பெயருக்கேற்ற சிறிய நிரல் அது. சி மொழியில் எழுதப்பட்டது, சேமிப்பு வேலையே செய்யாது. கேட்கும், பார்க்கும், வழி விடும், மறுக்கும், அவ்வளவுதான். அமைப்புக் கோப்பு ஒன்றே ஒன்று. பெரும்பாலும் விளக்கக் குறிப்புகள், உண்மையான வரிகள் இருபதுக்கு உள்ளேதான். ராஸ்பெரி பையின் இயங்குதளத்தில் ஒரே கட்டளையில் நிறுவலாம். நிறுவியதும் 8888 போர்ட்டில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அந்த இருபது வரிகளில் இரண்டை மட்டும் ஒருபோதும் தொட்டு விளையாடக் கூடாது என்பதை நான் வேறோர் இடத்தில் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இதே டைனிபிராக்ஸியைப் போட்டேன். வீட்டு ஐபி முகவரி அடிக்கடி மாறுகிறதே என்று, யாரை அனுமதிக்கலாம் எனச் சொல்லும் அலவ் வரியை அழித்தேன். கோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று கனெக்ட் போர்ட் வரிகளையும் அழித்தேன். அலவ், டினை என்ற வரிகள் எதுவுமே இல்லையென்றால் டைனிபிராக்ஸி உலகம் முழுவதையும் உள்ளே விடும். கனெக்ட் போர்ட் வரி இல்லையென்றால் எந்தப் போர்ட்டுக்கும் வழி விடும். நானோ, வரியை எடுத்துவிட்டால் எல்லாம் அடைபடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தால் முன்பின் தெரியாத முகவரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பாதிக்கு மேல் 25-ஆம் போர்ட்டை நோக்கி, அதாவது என் முதுகில் ஏறிக் குப்பை மின்னஞ்சல் அனுப்புவதற்கு. மத்தியானத்துக்குள் சர்வர்க்காரர்களிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடவுச்சொல் கேட்கும் வசதியும் டைனிபிராக்ஸியில் உண்டு. ஆனால் அந்தக் கடவுச்சொல் பிராக்ஸி வரை உறையில்லாமல்தான் போகும் என்பதால் பொது இணையத்தில் அதையும் நம்ப மாட்டேன். வெளியிலிருந்து பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய சுரங்கத்தின் வழியாக மட்டும்.

படிப்பகத்தில் அந்தத் தலைவலி இல்லை. பையின் கம்பித் துளைக்கு 192.168.50.1 என்று நிலையான முகவரி. அதிலிருந்து ஒரு நெட்வொர்க் சுவிட்ச், சுவிட்சிலிருந்து எட்டுக் கணினிகள். பையின் வைஃபை மட்டும் 4ஜி ரௌட்டரோடு பேசும். லிசன் வரியில் 192.168.50.1, அலவ் வரியில் அந்த வலையின் முகவரிகள். கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை டிஎன்எஸ்மாஸ்க் பார்த்துக்கொள்கிறது, ஆனால் வெளியேறும் வழி எது என்பதை அது சொல்லாதபடி வேண்டுமென்றே நிறுத்திவைத்தேன். பையிலும் தரவுப் பொட்டலங்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்தும் வசதி அணைந்தே இருக்கிறது. ஆகவே எட்டுக் கணினிகளுக்கும் உலகத்துக்குப் போக டைனிபிராக்ஸியைத் தவிர வேறு சந்து கிடையாது. பிரவுசரில் பிராக்ஸியை எடுத்துவிட்டால் தடை நீங்கிவிடும் என்று எந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் முதலில் முயல்வான். எடுத்தால் இணையமே போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கூடக் கணினிகளுக்குத் தேவையில்லை. தளத்தின் பெயரைப் பிரவுசர் அப்படியே பிராக்ஸியிடம் கொடுத்துவிடும், முகவரி தேடுவது பிராக்ஸியின் பாடு. அதனால் பிங் அடித்தால் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று கணினி கைவிரிக்கும், திரை மூலையில் இணைப்பு இல்லை என்பது போல் ஒரு குறி நிற்கும், ஃபயர்ஃபாக்ஸிலோ விக்கிப்பீடியா சொகமாகத் திறக்கும். உதவிக்கு வந்த கல்லூரி மாணவர் இரண்டு முறை எனக்குப் போன் செய்து "நெட் போய்விட்டது" என்றார். மூன்றாவது முறை அந்தக் குறியையே மறைத்துவிட்டேன்.

முதல் நாள் எட்டில் ஏழு கணினிகள் ஓடின. எட்டாவதில் சில தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை. சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்து நின்றது. சில தளம் சரி, சில தளம் சரியில்லை என்றால் யாருக்குத்தான் பிராக்ஸியின் மேல் சந்தேகம் வராது? அமைப்புக் கோப்பை மூன்று முறை புரட்டினேன். கேபிளை மாற்றினேன். ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்தான் கேட்டாள்: "அண்ணா, இதில் ஏன் ஜூன் மாதம் காட்டுகிறது?" நாங்கள் இருந்தது அக்டோபரில்.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரி செத்திருந்தது. மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டால், கடைசியாக இணையத்தில் நேரம் சரிபார்த்த நாளுக்குக் கணினி திரும்பிவிடுகிறது. நேரம் கேட்பது யுடிபி என்ற வேறு வகைப் போக்குவரத்தில், 123-ஆம் போர்ட்டில். எச்டிடிபி பிராக்ஸியின் வாசலில் அது நுழையாது. நான் மற்றச் சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டதால் கடிகாரத்துக்கும் வழி போய்விட்டது. ஜூனுக்கு முன் சான்றிதழ் வாங்கிய தளங்கள் திறந்தன. ஜூலையிலோ ஆகஸ்டிலோ புதுப்பித்த தளங்களின் சான்றிதழ் அந்தக் கணினிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தருவது போன்ற தொண்ணூறு நாள் சான்றிதழ்கள் பரவலாக இருக்கும் காலத்தில் இந்தக் குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். கூடவே பையில் குரோனி என்ற நேர சர்வரை நிறுவி, எட்டுக் கணினிகளும் 192.168.50.1-இடமே மணி கேட்கும்படி செய்தேன். எச்சரிக்கைப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும். எழுதியிருந்ததைப் படிக்காமல் மூடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது, எந்தத் தளங்களுக்கு வழி விடுவது என்ற பட்டியல். நான் தனியாக முடிவு செய்யவில்லை. செயலாளர் அண்ணனும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். விக்கிப்பீடியா, விக்சனரி, மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம், என்சிஇஆர்டி, அரசின் முடிவெழுத்து கொண்ட தளங்கள் அனைத்தும், பல்கலைக்கழகங்கள், இரண்டு நாளிதழ்கள், மின்னஞ்சல். டைனிபிராக்ஸியில் ஃபில்டர் என்ற வரியில் பட்டியல் கோப்பைக் காட்ட வேண்டும். சாதாரணமாக அந்தப் பட்டியலில் இருப்பவை தடுக்கப்படும். ஃபில்டர் டிஃபால்ட் டினை என்ற வரியை இயக்கினால் அர்த்தம் தலைகீழாகும்: பட்டியலில் இருப்பவை மட்டுமே போகலாம்.

தளத்தின் பெயரை வெறுமனே எழுதினால் போதாது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு தேடல் கோவை, அதாவது பெயர் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று குறிகளால் சொல்லும் சூத்திரம். அதில் புள்ளி என்றால் எந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்று பொருள். பெயரை அப்படியே எழுதினால், அந்தப் பெயரைத் தன்னுள்ளே கொண்ட எந்த மோசடித் தளமும் உள்ளே வரும். ஆகவே புள்ளி புள்ளியாகவே இருக்க அதற்கு முன்னால் பின்சாய்கோடு, பெயர் அங்கேயே முடியக் கடைசியில் டாலர் குறி, முன்னால் "தொடக்கமாகவோ, அல்லது ஒரு புள்ளியைத் தொடர்ந்தோ" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனை. நாற்பது வரிகளையும் அழகாக எழுதி மறுதொடக்கம் செய்தேன். எல்லாமே தடைபட்டன. விக்கிப்பீடியாவும்கூட.

டைனிபிராக்ஸி வழக்கமாகப் பின்பற்றுவது பழைய எளிய வகைத் தேடல் கோவை. அதில் அடைப்புக்குறி வெறும் அடைப்புக்குறிதான், "அல்லது" என்பதற்காக நான் போட்ட செங்குத்துக் கோடு வெறும் கோடுதான். உலகில் எந்தத் தளத்தின் பெயரிலும் அடைப்புக்குறி இருக்காது என்பதால் என் நாற்பது வரிகளும் யாருக்கும் பொருந்தவில்லை. ஃபில்டர் எக்ஸ்டெண்டட் என்ற வரியை இயக்கியதும் எல்லாம் உயிர் பெற்றன. 1.11.2 பதிப்பிலிருந்து இதற்குப் பதில் ஃபில்டர் டைப் என்ற வரி வந்திருக்கிறது. பழைய பதிப்புக்கான குறிப்பைப் பார்த்துப் புதியதிலோ, புதியதைப் பார்த்துப் பழையதிலோ எழுதினால் இதே கிணற்றில் விழலாம்.

பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகுதான் இணையம் எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. விக்கிப்பீடியா திறந்தது, இதயத்தின் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். படங்கள் எல்லாம் விக்கிமீடியா என்ற பெயரிலிருந்து வருகின்றன. ஒரு நாளிதழில் செய்தி வந்தது, எழுத்துரு வரவில்லை. எழுத்துரு கூகுளின் வேறொரு பெயரில் இருக்கிறது. ஒரு வேலைவாய்ப்பு விண்ணப்பத்தில் "நான் ரோபோ அல்ல" என்ற பெட்டியே தோன்றவில்லை. அதற்கு இரண்டு பெயர்கள் வேண்டும். இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. விண்ணப்பக் கட்டணம் கட்டும் நேரத்தில் பக்கம் வெளுத்து நின்றதுதான் வயிற்றைக் கலக்கிய சம்பவம். விண்ணப்பப் பக்கம் ஒரு பெயர், பணம் வாங்கும் நிறுவனம் இன்னொரு பெயர், வங்கி மூன்றாவது பெயர், வங்கி ஓடிபி கேட்கும் பக்கம் நான்காவது. விண்ணப்பித்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா பின்னால் நிற்கிறார், கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. பட்டியலையே அரை மணி நேரத்துக்கு அணைத்துவைத்து வேலையை முடித்தோம். இப்போது ஒரு கணினிக்கு மட்டும் விண்ணப்ப மேசை என்று பெயர். அது தனி முகவரியில், பட்டியல் இல்லாத இரண்டாவது டைனிபிராக்ஸியோடு 8889-இல் பேசுகிறது. இரண்டாவது அமைப்புக் கோப்பு, இரண்டாவது இயக்கம், அலவ் வரியில் அந்த ஒரு முகவரி மட்டும். மேசைக்கு எதிரே அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

விடுபட்ட பெயர்களைப் பிடிக்கப் பதிவேடுதான் கைகொடுத்தது. தடுக்கும்போதெல்லாம் இன்ன பெயருக்கு வழி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி விழும். தினமும் இரவு அந்த வரிகளை எண்ணிப் பார்த்து, தேவையானவற்றைச் சேர்த்தேன். மூன்று வாரத்தில் நாற்பது வரிகள் தொண்ணூறாயின. விளம்பரத் தளங்கள், பின்தொடரும் தளங்கள்தான் மறுக்கப்பட்டவற்றில் மிகுதி. அவற்றைச் சேர்க்கவே இல்லை, யாரும் குறைப்படவும் இல்லை. டேட்டா மிச்சமானது முக்கியமாக இங்கேதான். தானாக ஓடும் வீடியோக்களும் இந்தக் கூட்டமும் வாசலிலேயே நின்றுபோனதும் எட்டரைக்குப் பூட்டும்போது அரை ஜிபிக்கு மேல் மீதமிருக்கத் தொடங்கியது.

பதிவேட்டைப் பற்றி இன்னொன்று. லாக் லெவல் வரியை இன்ஃபோ என்று வைத்தால் எந்தக் கணினி எந்த நேரத்தில் எந்தப் பெயரைக் கேட்டது என்று எல்லாம் பதிவாகும். உறைக்குள் இருப்பது தெரியாவிட்டாலும் உறையின் மேல் இருக்கும் முகவரியே நிறையச் சொல்லிவிடும். ஒரு நாள் அதைப் புரட்டும்போது, மூன்றாம் மேசையில் வழக்கமாக உட்காரும் பிள்ளை ஓர் உடல்நலத் தளத்தைத் திரும்பத் திரும்பத் தேடியிருப்பது கண்ணில் பட்டது. எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை அது. அன்றே நோட்டீஸ் என்ற அளவுக்குக் குறைத்தேன். அதில் மறுக்கப்பட்ட பெயர் மட்டும் விழும், கேட்டது எந்த மேசை என்பது விழாது. என் வேலைக்கு அது போதும். அந்த உடல்நலத் தளத்தைப் பட்டியலில் சேர்த்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இதற்கிடையே ஏழு மணி நோய் ஒன்று தலைகாட்டியது. ஏழு வரை எல்லாம் ஓடும். எட்டு மேசையும் நிரம்பியதும் பக்கங்கள் பாதியில் தொங்கும். சிக்னல் குறைவு என்று நினைத்து ரௌட்டரை ஜன்னலோரம் வைத்தேன். பலனில்லை. பதிவேட்டில் இணைப்புகளின் உச்ச அளவை எட்டிவிட்டதாக எச்சரிக்கை வரிகள். மேக்ஸ் கிளையண்ட்ஸ் என்ற வரியில் 100 என்று இருந்தது. எட்டுக் கணினிக்கு நூறு தாராளம் என்று நினைத்து முதல் நாள் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அது ஆட்களின் கணக்கு இல்லை, இணைப்புகளின் கணக்கு. ஃபயர்ஃபாக்ஸ் ஒரு பிராக்ஸியோடு ஒரே நேரத்தில் 32 இணைப்புகள் வரை திறந்து வைத்துக்கொள்ளும். எட்டு முப்பத்திரண்டு இருநூற்றைம்பத்தாறு. கூடவே டைம்அவுட் வரியில் 600 நொடி. பேசி முடித்த இணைப்பும் பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். முன்னதை 300 ஆக்கினேன், பின்னதை 120. அன்று மாலை நோய் தீர்ந்தது. பை இதற்கெல்லாம் அசையவே இல்லை.

மின்வெட்டைத்தான் மறந்திருந்தேன். மூன்றாவது வெட்டுக்குப் பிறகு பை எழவில்லை. எஸ்டி கார்டின் கோப்பு முறைமை கெட்டுப்போயிருந்தது. நல்லவேளையாக அமைப்புக் கோப்புகளின் நகல் என்னிடம் இருந்தது. புதுக் கார்டில் எல்லாவற்றையும் மீட்டு, கார்டில் எதுவும் எழுதப்படாதபடி மேலடுக்கு முறைமையை இயக்கினேன். எழுதுவதெல்லாம் நினைவகத்தில், கார்டு பூட்டிய பெட்டி. இனி எத்தனை முறை மின்சாரம் போனாலும் கவலையில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு வாரமாகச் சேர்த்த பதினைந்து பெயர்கள் அடுத்த மின்வெட்டில் காணாமல்போயின. அதுதானே அதன் வேலை! பட்டியலில் கை வைக்கும்முன் மேலடுக்கை அணைத்து, மறுதொடக்கம் செய்து, எழுதி, மறுபடி இயக்க வேண்டும் என்று பையின் மூடியில் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

அதே சடங்கோடு மாதம் ஒரு முறை மென்பொருள் புதுப்பிப்பும் நடக்கிறது. சிறிய நிரல்தானே என்று விட்டுவைக்கக் கூடாது. கனெக்ஷன் என்ற தலைப்பு வரியைக் கையாளும் இடத்தில், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் ஓட்டை ஒன்று 1.11.1 பதிப்பில் இருப்பதை சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு 2024 மே மாதம் வெளியிட்டது. சூழ்ச்சியான ஒரு கோரிக்கையால் அதைப் பயன்படுத்த முடியும். 1.11.2-இல் அதை அடைத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸின் வழிவந்த இயங்குதளங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே இழைப்பதுண்டு. ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கும் பயப்படாமல் இருப்பதற்கும் முன் தொகுப்பின் மாற்றக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

எட்டு மின்ட் கணினிகளின் புதுப்பிப்புகள் மட்டும் தனிக் கதை. 2 ஜிபியை விழுங்கியதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கேதான் கல்லூரி வித்தை இன்னும் செல்லுபடியாகிறது. மின்ட்டும் அதற்கு அடிப்படையான உபுண்டுவும் தங்கள் தொகுப்புகளை இன்றும் வழக்கமாக உறையில்லாத எச்டிடிபியில்தான் அனுப்புகின்றன. தொகுப்புகளின் பட்டியலில் உள்ள கையெழுத்தே போலியைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் உறை தேவைப்படுவதில்லை. அதனால் ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற நிரலைப் பையில் நிறுவினேன். 3142-ஆம் போர்ட், சேமிப்புக்குப் பழைய பென் டிரைவ். ஞாயிறு காலையில் முதல் கணினி நானூறு எம்பி இறக்கும். மற்ற ஏழும் அதையே பென் டிரைவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பாடநூல் பிடிஎஃப்கள் அப்படி இல்லை. அவை உறைக்குள் வருகின்றன. வேதியியல் ஆசிரியர் ஒரு பாடத்தைச் சொன்னால் எட்டுப் பிள்ளைகளும் அதே கனமான கோப்பை எட்டு முறை இறக்குவார்கள், பிராக்ஸி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் புத்தகங்களையும் என் வீட்டு இணைப்பில் இறக்கி அதே பென் டிரைவில் போட்டு, லைட்டிபிடி என்ற சிறிய சர்வரால் வலைக்குள் காட்டினேன். பிரவுசரில் 192.168.50.1 என்று அடித்தால் வகுப்புவாரியாகப் புத்தகங்கள் வர வேண்டும். முதல் நாள் அடித்தபோது வந்தது தடை அறிவிப்பு. பையின் முகவரியையும் பிரவுசர் பிராக்ஸி வழியாகவே கேட்டிருக்கிறது, பிராக்ஸியின் பட்டியலில் அதன் சொந்த முகவரி இல்லை. எட்டு ஃபயர்ஃபாக்ஸிலும் "இவற்றுக்குப் பிராக்ஸி வேண்டாம்" என்ற கட்டத்தில் அந்த முகவரியை எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. புத்தக அடுக்கில் இப்போது பதினொன்றாம் வகுப்புக் கணக்கு இரண்டாம் தொகுதி மட்டும் பாக்கி. இறக்கிய கோப்பு பாதியில் நின்றிருக்கிறது, சனிக்கிழமை எடுத்துப் போக வேண்டும்.